செங்கடலுக்குக் கப்பல், தோட்டத்துக்கு என்ன?



2024 ஜனவரி 3ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, செங்கடலுக்கு எமது கடற்படைக் கப்பலொன்றை அனுப்பப் போவதாக அறிவித்தார். இரண்டு வாரங்களுக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்ற கணக்கையும் அவரே சொன்னார். பாராளுமன்றம் கூடி விவாதிக்கு முன்னரே அறிவிப்பு வந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. எரிவாயுவுக்கும் பெற்றோல், டீசலுக்கும் புதிதாக வற் வந்தது. கேட்டால், திறைசேரியில் பணமில்லை என்றார்கள்.

எமது கணக்கில் 25 கோடி என்பது எவ்வளவு? ஒரு பேருக்கு 1,000 ரூபா என்றால், இரண்டரை இலட்சம் பேர். அதுவும் இரண்டு வாரத்துக்கு.

ஜனாதிபதி அப்போது சொன்ன காரணத்தை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. யெமனின் ஹவுதிகள் 2023 நவம்பரிலிருந்து கப்பல்களைத் தாக்கினார்கள். பெரிய கப்பல் கம்பனிகள் சுயெஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. வகுப்பில் உலகப் படத்தை விரித்தால் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகூட விரலால் அளந்து சொல்லிவிடும், அது எவ்வளவு சுற்று என்று. ஈராக்குக்குப் போகும் எமது தேயிலைக்கு வளைகுடா வழி இருக்கிறது. துருக்கிக்கும் லிபியாவுக்கும் போவது செங்கடலைத்தான் நம்பியிருக்கிறது. கப்பல் கூலி ஏறினால், வாங்குபவர் கொழும்பு ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்பார். இது உண்மை.

ஆனால் அந்தக் கடலை மூடியது எது? காஸாவில் நடந்த போர். அங்கே குண்டு விழுவது நிற்கும்வரை இஸ்ரேலோடு தொடர்புள்ள கப்பல்களைத் தாக்குவோம் என்று ஹவுதிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். வழிப்போக்கான மாலுமிகளைத் தாக்குவதை எந்தத் தொழிற்சங்கமும் ஏற்காது, மாலுமியும் தொழிலாளிதான். என்றாலும் அமெரிக்கா தலைமையிலான கூட்டணிக்குள் நுழைவது வழியைத் திறக்குமா? 2024 ஜனவரி 12ஆம் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் யெமன்மீதே குண்டு போட்டன. போர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பரவிவிட்டது.

ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானங்களுக்கு ஆதரவாக இலங்கை வாக்களித்தது. அது சரியான நிலைப்பாடு. அதே அரசாங்கம்தான் இஸ்ரேலின் விவசாய நிலங்களுக்கு 10,000 இலங்கையரை அனுப்பவும் உடன்பட்டது. பலஸ்தீனத் தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டு, அவன் இடத்துக்கு எம் நாட்டு ஏழையைக் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை, கடலில் ஒரு கப்பல்.

இனி எம் கதைக்கு வருவோம். 2021இல் சம்பளச் சபை மூலம் கிடைத்த 1,000 ரூபா 2024 ஜனவரியிலும் அதே 1,000 ரூபாவாகவே இருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது ஏலத்தில் தேயிலை விலை ஏறத்தாழ இரு மடங்கானது. அந்த இலாபத்தில் ஒரு சதமாவது எங்கள் சம்பளச் சீட்டில் ஏறியதா? மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும்தான் ஏறின. அடுத்துச் செங்கடல் வந்தது. சம்பளப் பேச்சு என்றதும் கம்பனிகள் கப்பல் கூலியைத் தூக்கி மேசையில் வைக்கும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. டொலரால் வந்த இலாபம் அவர்களுக்கு, போரால் வரும் நட்டம் எங்களுக்கு என்ற கணக்கை நாம் ஏற்க மாட்டோம்.

அரசாங்கத்திடம் அப்போது எமது கோரிக்கை இரண்டுதான். கப்பல் அனுப்பும் முடிவைப் பாராளுமன்றத்தில் வைத்து, செலவு எந்த ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். சம்பளச் சபையைக் கூட்டி, புதிய நாட்சம்பளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் ஒன்று செய்யுங்கள். பிரட்டுக் களத்தில் துரை செங்கடலைப் பற்றிப் பேசினால், உங்கள் தோட்டத் தேயிலை 2022இலும் இப்போதும் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலின் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பதில் தராவிட்டால் அதையும் திகதியோடு எழுதி அனுப்புங்கள்.