சீனா: நாங்கள் யார் பக்கம்?

தோழர்களே,

சீனா என்ற சொல் வந்தாலே எங்கட கூட்டங்கள் இரண்டாகப் பிரிகின்றன. அமெரிக்காவுக்கு எதிராக நிற்கிற நாடு, அதை விமர்சிக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். போர்க்காலத்தில் இலங்கை அரசுக்கு ஆயுதமும், 2009 மேயில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் வாக்கும் கொடுத்த நாடு, அதோட எங்களுக்கென்ன கதை என்கிறார்கள் வேறு சிலர். அந்தக் கோபம் எனக்கும் இருக்கு. ஆனால் இரண்டு தரப்பும் சீனா என்று சொல்வது பெய்ஜிங் அரசை மட்டும்தான். அங்குள்ள தொழிலாளி இரண்டு பேச்சிலும் இல்லை.

1978 டிசம்பரில் டெங் சியாவோபிங்கின் சீர்திருத்தம் தொடங்கியது. கம்யூன்கள் கலைந்தன, நிலம் குடும்பங்களின் பொறுப்புக்குப் போனது. 1980இல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார வலயமானது. கோடிக்கணக்கான மக்கள் வறுமையிலிருந்து மீண்டார்கள். அதை மறுக்கிறது நேர்மையில்லை. ஆனால் கிராமங்களிலிருந்து வந்து அந்த நகரங்களைக் கட்டியவர்களுக்கு, ஹூகோவ் என்கிற குடும்பப் பதிவு முறையால், தங்கட பிள்ளையை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதே பெரும்பாடானது. 1990களின் பிற்பகுதியில் அரச ஆலைகள் மூடப்பட்டும் விற்கப்பட்டும் போக, கோடிக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

பொருளாதாரம் மாறியது, அரசியல் அப்படியே நின்றது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பிழை. 1975, 1978 அரசியலமைப்புகளில் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982இல் நீக்கப்பட்டது. 2002இல் கட்சி தன் விதிகளை மாற்றித் தனியார் முதலாளிகளுக்குக் கதவு திறந்தது. ஆக, முதலாளி கட்சிக்குள்ளே வரலாம். தொழிலாளி அரசின் ஒரே சம்மேளனத்துக்கு வெளியே சங்கம் வைக்கக் கூடாது. இதுவும் அரசியல் மாற்றம்தானே?

2018ஐ எடுங்கோ. மே மாதம் பெய்ஜிங்கில் மார்க்ஸின் 200ஆவது பிறந்த ஆண்டு விழா. ஷி ஜின்பிங் உரையாற்றினார். ஜூலையில் ஷென்ஜெனில் ஜாசிக் என்கிற வெல்டிங் இயந்திரத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். தனிச் சங்கம்கூட இல்லை, அரசின் சம்மேளனத்துக்குக் கீழேதான். முன்னுக்கு நின்றவர்களை வேலையால் நிற்பாட்டினார்கள், பிறகு கைது செய்தார்கள். மார்க்சியம் படித்த பல்கலைக்கழக மாணவர்கள் ஆதரவுக்கு ஓடிவந்தார்கள். ஆகஸ்ட் 24 விடியற்காலையில் பொலிஸ் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குள் புகுந்து ஏறக்குறைய ஐம்பது பேரைப் பிடித்துக்கொண்டு போனது.

அந்த மாணவர்களுக்கு உங்கட வயதுதான். அவர்களைச் சிறைப்பிடித்த அரசை இடதுசாரி அரசு என்று சொல்லி நாங்கள் மௌனமாக இருந்தால், எங்கட இடதுசாரித்தனத்துக்கு என்ன அர்த்தம்?

அதே நேரம், மேற்கு நாடுகளின் புதிய பனிப்போருக்கும், தெருவில் சீன முகத்தைக் கண்டால் துப்புகிற இனவாதத்துக்கும் நாங்கள் ஆள் சேர்க்க வேண்டியதில்லை. எங்களுக்கு அங்கே தோழர்கள் இருக்கிறார்கள். அடுத்த மே தினத் துண்டுப்பிரசுரத்தில், சீனாவில் சுதந்திரமான சங்க உரிமை, வேலைநிறுத்த உரிமை என்ற இரண்டு கோரிக்கைகளையும் சேர்ப்போம் என்று முன்மொழிகிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கோ, விவாதிப்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவிலிருந்து