ஒன்றுமில்லை, மைல்ட்தான்!

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களாகிய நம்மிடையே ஒரு விந்தையான வழக்கம் வேரூன்றிவிட்டது. துன்பம் சிறியதாயின் தமிழில் சொல்லுகிறோம். பெரியதாயின் ஆங்கிலத்தில் சொல்லிச் சிறியதாக்கி விடுகிறோம். தலைவலியும் சளியும் இன்னும் தமிழிலேயே வருகின்றன. மாரடைப்போ 'மைல்ட் அட்டாக்' ஆகிவிட்டது. நெஞ்சை அழுத்தும் வலி, வேறென்ன, 'கேஸ் டிரபிள்'!

'சர்க்கரை வியாதி' என்றனர் நம் பெற்றோர். நாம் வியாதியை விலக்கிவிட்டு 'ஷுகர்' என்கிறோம். விலகியது சொல்தான், நோயன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி என மதிப்பிட்டது. வாயிலில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். "ஜஸ்ட் பார்டர்லைன் சார்" என்பார், மைசூர்பாகை எடுத்துக்கொண்டே.

ஆங்கிலம் மருத்துவரின் மொழியன்றோ எனச் சிலர் வினவுவர். மருத்துவர் வாயில் அச்சொற்களுக்கு அளவுண்டு. சில நிமிடங்களில் மறைந்துவிடும் வாய்க்கோணலை 'மினி ஸ்ட்ரோக்' என்பவர், அடுத்த சில நாட்களில் முழு வாதம் தாக்கும் அபாயம் மிகுதி என்பதையும் அறிவார். நாமோ 'மினி'யை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அலுவலகத்தில் நாம் இப்படி ஏமாறுவதில்லை. மத்திய அரசு ஊழியர்க்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில், பதவி உயர்வை நிறுத்திவைப்பது 'மைனர் பெனால்ட்டி'தான். அதைப் பெற்ற எவரேனும் 'மைனர்தானே' என்று நிம்மதியாக உறங்கியதுண்டா?

நம் பிரிவில் பணியாற்றும் நண்பர் ஒருவர், இரண்டு நாள் 'கேஸ்' என்று சோடா குடித்து வந்தார். 'ஷுகர்' உள்ளவர். நீரிழிவுடையோர்க்கு மாரடைப்பு கடும் வலியின்றியும் வரக்கூடும் என்பது நம்மில் ஒருவருக்கும் நினைவில்லை. பெருங்காயம் கரைத்த மோர் குடிக்கச் சொன்னவர்களும் நாமே. மூன்றாம் நாள் மேசை மீதே சாய்ந்தார். பிழைத்தது அவர் மனைவி செய்த புண்ணியம்.

ஊரிலிருந்த தாயாருக்குத் தொலைபேசியில் நாம் சொன்னது இது: "சின்ன அட்மிஷன் அம்மா, நத்திங் சீரியஸ்." அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து வந்திறங்கியவர், நடைமேடையிலேயே நம் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "மாரடைப்பா தம்பி?"

மூன்று நாட்களாக நம்மில் எவரும் உச்சரிக்காத சொல் அது. "ஆமாம் அம்மா" என்றோம்.