பூவுக்குக் கீழே ஒரு கலப்பை

மழை பெய்து தரிசெல்லாம் பச்சை பிடித்ததும், இலையைப் படம் பிடித்தால் தின்னலாமா கூடாதா என்று கைபேசியே சொல்லிவிடும் என்கிற பேச்சு கிளம்பிவிடுகிறது. இந்த வாரமும் அதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது. படத்தில் விழுவது பெரும்பாலும் இலையின் மேல்பக்கம். மூக்கிரட்டை, சாரணை இரண்டுமே தரையோடு படரும். இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மூக்கிரட்டை இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், பிடுங்கினால் தடித்த வேர் வரும். சாரணையில் இலை சதைப்பற்றாக இருக்கும், பூ கணுவுக்குள் பதுங்கியிருக்கும். இதற்கெல்லாம் குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படித் தொட்டுப் பார்த்தவர்கள் கண்ட அடையாளம் பெயரிலும் இருக்கிறது. ஆரைக்கீரைக்கு நாலு சிற்றிலை, நீரோரச் சேறு, பூவே கிடையாது. புளியாரைக்கு மூன்று சிற்றிலை, மஞ்சள் பூ. 'புளி' என்ற இரண்டெழுத்தில் அடையாளத்தை முடிந்து வைத்துவிட்டார்கள். பெயர்தான் நம்மிடம் இருக்கும் பழைய அடையாள ஏடு என்பேன். இதற்கு வலுவான சாட்சி செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். குளோரியோசா சூப்பர்பா என்ற அதன் லத்தீன் பெயர் பூவைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறது. மண்ணுக்குள் இருப்பதைச் சொல்வது கலப்பைக்கிழங்கு என்ற நம் பெயர். இரண்டாகக் கவைத்து வளைந்த அந்தக் கிழங்கு கலப்பையேதான். செடி பச்சையாக இருக்கையில் குழப்பமில்லை. அதன் இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றியிருக்கும். காட்டு வள்ளிக்கோ இலை இதய வடிவம், தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணில் கிடக்கும்போதுதான் ஆபத்து. வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்றவர்களுக்கு நஞ்சேறியது இலங்கை மருத்துவர்களின் பதிவுகளில் இருக்கிறது. கலப்பைக்கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு வெந்தாலும் போகாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும்.

ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறதே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். புனர்நவா என்ற ஒரே பெயர் மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் வழங்குவது உண்மைதான். அந்த இடத்தில் லத்தீன் பெயர் கட்டாயம் வேண்டும். ஆனால் செங்காந்தளின் ஒரே கிழங்குக்குப் பல பெயர் இருப்பதைக் குறையாக நான் எண்ணவில்லை. கார்த்திகைக்கிழங்கு என்றால் பூக்கும் காலம் தெரிகிறது, கலப்பைக்கிழங்கு என்றால் வடிவம் தெரிகிறது. பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கிறவருக்குச் செங்காந்தள் தெரியும். தோண்டுகிறவர் கையில் வருவது கிழங்கு. மாநில மலர் என்று படம் அச்சிடும் இடத்திலெல்லாம் பூவுக்குக் கீழே அந்தக் கிழங்கையும் வரைந்து, கலப்பைக்கிழங்கு என்ற பெயரையும் எழுதட்டும்.