"சும்மா சென்சார் லைட்டு" என்று சொல்லாதீர்கள்!

என் மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், பிறர் காரில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்களும் முழுதாகப் படியுங்கள்.

நம் பக்கம் ஒரு பேச்சு பழகிவிட்டது. "அது சும்மா சென்சார் லைட்டு சார், வண்டி நல்லாத்தானே ஓடுது, கண்டுக்காதீங்க." பட்டறையில் சொல்கிறார்கள், வாடகைக் கார் ஓட்டும் தம்பிகள் சொல்கிறார்கள், படித்து நல்ல வேலையில் இருக்கிற என் மாணவர்களே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

எந்த விளக்கு? ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பலகையில் ஒரு சின்னக் கார் படம், அதன் அடியில் பாம்பு போல நெளிந்த இரண்டு கோடுகள். மஞ்சள் நிறம். ஈ.எஸ்.சி. என்பார்கள், சில கம்பெனிகள் ஈ.எஸ்.பி. என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வண்டி வழுக்கித் திரும்பாமல் பிடித்து வைப்பது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் "சும்மா" என்ற சொல் வாயில் வராது. நீங்கள் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினீர்கள் என்று ஒரு சென்சார் பார்க்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று பார்க்கிறது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனிச் சென்சார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி வழுக்குகிறது என்று பொருள். பின்பக்கம் வெளியே ஒதுங்கினால் வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். முன்பக்கம் திரும்பாமல் நேராக இழுத்தால் உட்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். எஞ்சின் வேகத்தையும் குறைக்கும். எல்லாம் நாம் கண் சிமிட்டுவதற்குள்.

"முப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கு எதுக்கு எலக்ட்ரானிக்?" என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் காலடியில் எத்தனை பிரேக் பெடல் இருக்கிறது? ஒன்று. ஒரு பெடலால் ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. இது அனுபவத்துக்குக் குறைச்சல் இல்லை. மனிதக் காலால் செய்ய முடியாத வேலையை அது செய்கிறது, அவ்வளவுதான்.

கதை வேண்டுமா? 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு கார் பத்திரிகைக்காரர்கள் மெர்சிடிஸின் புது ஏ-கிளாஸ் காரைச் சோதித்தார்கள். சாலையில் காட்டுமான் குறுக்கே வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவோமே, அந்தச் சோதனை. கார் கவிழ்ந்தது. உலகமே சிரித்தது. அந்தக் கம்பெனி விற்பனையைச் சிலகாலம் நிறுத்தி, எல்லா ஏ-கிளாஸ் வண்டிக்கும் இந்தக் கருவியைப் பொருத்தித்தான் மீண்டும் விற்றது. அதுவரை விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் கிடைத்தது, அதற்குப் பிறகுதான் சின்னக் கார்களுக்கும் இறங்கி வந்தது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் புதுக் கார்களுக்குக் கட்டாயம். நம் நாட்டில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில், இது இல்லாத காருக்கு மூன்று நட்சத்திரம்கூடக் கிடைக்காது. ஒரு வண்டி தானாகத் தடம் மாறி உயிர் போகிற விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்கிறது அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம்.

ஸ்வீடனில் மான் என்றால் நமக்கு மாடு, நாய், எதிர்த்திசையில் வரும் டூவீலர். திண்டுக்கல் – மதுரை நான்குவழிச் சாலையில் போகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் சிறுமலை வளைவிலும், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும் பாதையிலும் வழுக்கினால், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

இப்போது அந்த விளக்கு சொல்லும் பாஷையைப் படிப்போம்.

ஓடும்போது மினுக்கி மினுக்கி அணைந்தால்: கருவி வேலை செய்கிறது, சக்கரம் வழுக்கியது, நீ வேகத்தைக் குறை என்று அர்த்தம்.

விடாமல் எரிந்தால்: கருவி தூங்கிவிட்டது. சாதாரணப் பிரேக் பிடிக்கும். ஆனால் வழுக்கினால் காப்பாற்ற ஆள் இல்லை. நிதானமாக ஓட்டி, சீக்கிரம் காட்டுங்கள்.

கூடவே "ஆஃப்" என்று வந்தால்: யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். சேற்றில் சிக்கியபோது அணைத்துவிட்டு மறந்திருக்கலாம். மறுபடி அழுத்துங்கள்.

ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால்: அவசரப் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்துகொண்டால்: ஓரம்கட்டி நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். சக்கரச் சென்சாரில் சேறு, அறுந்த வயர், வலுவிழந்த பேட்டரி, பிரேக் லைட் சுவிட்ச், அளவு மாறிய டயர், அலைன்மென்ட் செய்தபின் சரிசெய்யாத ஸ்டியரிங் சென்சார். என் மைத்துனர் வண்டியில் எலி கடித்த ஒரு வயர். அதைக் கண்டுபிடிக்க மூன்று பட்டறை ஆனது. முதல் இரண்டு இடத்திலும் கணினியை மாட்டி விளக்கை அழித்து, காசு வாங்கி அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் மறுபடி எரிந்தது. விடைத்தாளில் சிவப்பு மையை அழித்துவிட்டால் தப்பான கணக்கு சரியாகிவிடுமா?

அதைவிடக் கொடுமை, விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. பழைய கார் விற்பவர்களில் சிலர் பல்பையே மறைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் தறி தெரியாத வீடு குறைவு. பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தானே அடுத்த ஊடை ஓட்டுவோம்? "சேலை நெய்யத்தானே செய்யுது" என்று எந்த நெசவாளியாவது விட்டதுண்டா? ஐந்து கஜம் சேலைக்குக் கொடுக்கிற மரியாதையை ஐந்து உயிர் உட்கார்ந்த வண்டிக்குக் கொடுக்கக் கூடாதா?

கம்பெனிக்காரர்களையும் விடமாட்டேன். தமிழில் விளம்பரம் செய்து விற்கத் தெரிகிறது. வண்டியோடு தரும் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், இந்த விளக்கைப் பற்றித் தமிழில் ஒரு வரி இருக்கிறதா என்று. வாங்குகிற நாமும் சன்ரூஃப் உண்டா, பெரிய திரை உண்டா என்று கேட்கிறோம், ஈ.எஸ்.சி. உண்டா என்று கேட்பதில்லை. கேட்காத பொருளை எந்தக் கடைக்காரன் தருவான்?

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கருவி இருக்கிறது என்று தேய்ந்த டயரில் நூற்றிருபதில் பறந்தால் அது ஒன்றும் செய்யாது. அது உதவி செய்யும், மந்திரம் செய்யாது.

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? நாளைக் காலை சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எல்லா விளக்கும் வரிசையாக எரியும். அதில் அந்த நெளிகோட்டுக் கார் எரிகிறதா? ஸ்டார்ட் செய்து சில நொடியில் அணைகிறதா? எரிந்து அணைந்தால் நல்லது. அணையவே இல்லை என்றால் பட்டறைக்குப் போங்கள். கருவி உள்ள வண்டியில் எரியவே இல்லை என்றால், யாரோ மறைத்திருக்கலாம், விசாரியுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

செய்தவர்கள் கீழே கமெண்ட்டில் "ஆச்சு சார்" என்று ஒரு வரி போடுங்கள். போடாதவர்களுக்குப் போன் செய்வேன், நம்பர் எல்லாம் என்னிடம் இருக்கிறது!