நான்கெல்லையில் நிற்கும் ஊர்

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 21-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் வீட்டை ஆவணத்தில் எழுதும்போது அது எந்தத் தெருவில், தெருவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். கதவு எண் இருந்தால் எழுத வேண்டும். இப்போது அதில் இருப்பவர் யார், முன்பு இருந்தவர் யார் என்றும் சொல்ல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சொத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காணச் செய்த ஏற்பாடு இது. வரலாறு எழுதும் எண்ணம் அதைச் செய்தவர்களுக்கு இருந்திருக்காது. ஆனாலும் நூறாண்டுக்கு மேலாக நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை என்று எது பதிவானாலும் அந்தத் தெருவைப் பற்றி ஒரு வரி சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கல்வெட்டுள்ள கோயிலோ கோட்டையோ இல்லாத சிற்றூர்களின் கடைவீதி வரலாறு பெரும்பாலும் இந்த வரிகளில்தான் கிடக்கிறது. அதை வீடு வீடாகத்தான் வெளியே எடுக்க முடியும். அதற்கான வழி இன்று அடைபட்டு வருகிறது. அதைத் திறந்துவைப்பது அரசும் நகராட்சிகளும் செய்ய வேண்டிய வேலை.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் வரும் நான்கெல்லையைப் பலரும் மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள். செக்குக் கொட்டகைக்குக் கிழக்கு, சோடா கம்பெனிச் சந்துக்கு மேற்கு, வண்டிப்பேட்டைக்கு வடக்கு, ராஜவீதிக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள மனையும் வீடும் என்று ஒரு பத்திரம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். விற்கப்படுவது ஒரு வீடுதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த மூன்று தொழில்களுக்கு அது சாட்சியாகிவிடுகிறது. இங்கே புதிதாக வாசிப்பவர்கள் தடுமாறுவது உண்டு: செக்குக் கொட்டகைக்குக் கிழக்கு என்றால் கொட்டகை நம் வீட்டுக்கு மேற்கே இருந்தது என்று பொருள். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் தெரு முழுவதும் திசை மாறிவிடும். அடுத்த வீட்டுப் பத்திரத்தை எடுத்தால் அதே கொட்டகை வேறொரு பக்கத்திலிருந்து தெரியும். இப்படி ஐந்தாறு வீடுகளின் பத்திரங்களைச் சேர்த்தால் ஒரு காலத்துக் கடைவீதியின் வரைபடமே கிடைக்கும். எண்ணெய்ச் செக்கு இருந்த இடத்தில் பிறகு ஆயில் எஞ்சின் வைத்த ரைஸ் மில் வந்ததா, மில் மூடிய பின் அது திருமண மண்டபம் ஆனதா என்பதை வரிசைப்படுத்தி எழுதிவிடலாம்.

எச்சரிக்கை ஒன்று தேவை. பத்திர எழுத்தர்கள் தாய்ப்பத்திரத்தில் உள்ள எல்லையை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கம் உண்டு. கடை மூடிப் பல காலம் ஆன பிறகும் எல்லையில் அது நின்றுகொண்டே இருக்கும். எனவே ஒரு தொழில் முதன்முதலில் எல்லையில் தலைகாட்டும் ஆண்டை ஓரளவு நம்பலாம். கடைசியாக வரும் ஆண்டை நம்பக் கூடாது. காலக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். பழைய கணக்கு நோட்டில் 'தாது வருஷம் ஆடி மாதம்' என்றிருந்தால், பெரும் பஞ்சம் வந்த 1876-77-ஆம் ஆண்டுத் தாதுவா, அறுபது ஆண்டு கழித்து வந்த 1936-37-ஆம் ஆண்டுத் தாதுவா என்று பார்க்க வேண்டும். ரூபாய், அணா, பைசா என்று கணக்கு ஓடினால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வருவதற்கு முந்தியது. முத்திரைத்தாளின் தலைப்பில் இருக்கும் அரசரின் உருவமும் உதவும். கட்டடமும் பேசும், ஆனால் அரைகுறையாக. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் முத்திரை பதித்த ஓடு ஒரு கூரையில் இருந்தால் அந்தக் கூரை அதற்குப் பிற்பட்டது என்பது மட்டும்தான் உறுதி. இடித்த வீட்டின் ஓட்டை வாங்கி வேறு வீட்டில் வேய்வது நம் ஊர்களில் சாதாரணம். ஓட்டைப் பார்த்து வீட்டுக்கு வயது சொல்லிவிடும் அவசரம் நல்லதல்ல.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், வீட்டின் கைமாற்றத் தேதிகளைப் பெரிய நிகழ்வுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தொழில்கள் ஏன் மறைந்தன என்பது விளங்குகிறது. செட்டிநாட்டை எடுத்துக்கொள்வோம். 1930-ஐ ஒட்டி வந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இருந்ததாகவும் அவற்றின் மூலதனம் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததாகவும் மதிப்பிட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தது. ரங்கூனிலும் மோல்மேனிலும் நடந்த அந்தத் தொழில்களின் கதி, காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அடமானமாகவும் பாகப்பிரிவினையாகவும் கிரயமாகவும் எழுதப்பட்டது. மற்ற ஊர்களுக்கு வேறு தேதிகள். 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை போட்டபோது, பட்டறையே வாழ்க்கையாக இருந்த பத்தர் குடும்பங்கள் தெருத் தெருவாக நிலைகுலைந்தன. 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பிறகு சிறு வங்கிகள் பெரியவற்றோடு இணைக்கப்பட்டு ஊர்ப்பெயர் தாங்கிய பல பலகைகள் இறங்கின. 1972-இல் தமிழகத்தில் தனியார் பேருந்துத் தடங்கள் அரசுக் கழகங்களின் கைக்கு வரத் தொடங்கியபோது பஸ் கம்பெனி ஷெட்டுகள் காலியாயின. ஒரு வீடு ஏன் அந்த ஆண்டில் கைமாறியது என்ற கேள்வி, விசாரிக்க விசாரிக்க இந்த நிகழ்வுகளில் ஏதோ ஒன்றில் போய் முட்டுகிறது. கெசட்டியர்கள் இதைச் சொல்வதில்லை. ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் கெசட்டியரும் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெசட்டியரும் 1906-இல் வெளிவந்த அருமையான நூல்கள்தான்; ஆனால் அவை மாவட்டத்தைப் பார்த்தன, தெருவைப் பார்க்கவில்லை.

பத்திரத்துக்கு அடுத்த சான்று நகராட்சியில் இருந்தது. 'இருந்தது' என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டியிருப்பதுதான் வருத்தம். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ், சோடா தயாரித்தல், தோல் பதனிடுதல், சுண்ணாம்பு சுடுதல் போன்ற பல தொழில்களுக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. எந்தக் கதவு எண்ணில், யார், என்ன தொழில் நடத்தினார் என்று ஆண்டுதோறும் எழுதிய பதிவேடுகள் அவை. அவற்றுக்கு வைத்திருப்புக் காலம் உண்டு. காலம் முடிந்தால் கழித்துவிடலாம். விதிப்படி கழித்தவை போக, மழையில் நனைந்தும் கரையான் அரித்தும், அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது எடைக்குப் போயும் அழிந்தவை ஏராளம். தனியார் வீடுகளிலும் இதே கதிதான். பழைய வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை உண்டு. பேரேட்டுக்கும் ஐந்தொகைக்கும் அப்படி ஒரு சந்தை இல்லை. அந்த வீட்டுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர் புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் விடாமல் சேர்த்ததால்தான், அவர் பெயரில் சென்னையில் இன்று ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருவர் பிறப்பார் என்று காத்திருக்க முடியாது.

இதெல்லாம் பழம்பெருமை பேசும் வேலை, சாலையும் குடிநீரும் தரத் தடுமாறும் நகராட்சிக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம்: ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை மூடிய பிறகும் அது விட்டுச்சென்ற கழிவு பல ஆண்டுகளாக நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது பெரிய ஆலை, எல்லோருக்கும் தெரிந்தது. பெயர் மறந்துபோன சிறு தோல் ஷெட்டும் சாயப்பட்டறையும் இருந்த மனைகளில் இன்று வீடு கட்டிக் கிணறு போடுபவர்களுக்கு, அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்று யார் சொல்வது? பழைய உரிமப் பதிவேடு சொல்லும். 1892-ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டமும் பழைய நிலப் பதிவேடுகளைத்தான் நம்பியிருக்கிறது. காகிதம் அழிந்தால் நட்டம் முதலில் எளியவருக்கே.

பத்திரங்களைத் திறந்துவைத்தால் போலி ஆவணக்காரர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்ற அச்சம் இன்னும் கனமானது. தமிழ்நாட்டில் நில மோசடி எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதை அறிந்த எவரும் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு, அசையாச் சொத்துகள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அகவரிசையையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம் என்று ஏற்கெனவே சொல்கிறது. மோசடி செய்பவருக்கு ஒரே ஒரு சொத்தின் விவரம் போதும். அது அவருக்கு இப்போதே கிடைக்கிறது. கிடைக்காமல் தவிப்பவர் ஒரு தெரு முழுவதையும் படிக்க விரும்பும் ஆய்வாளர்தான். சொத்து வாரியாக, ஆண்டு வாரியாகக் கட்டணம் செலுத்தி வில்லங்கம் போட வேண்டும். இணையத் தேடலும் ஓர் அளவுக்கு மேல் பின்னோக்கிப் போவதில்லை. 75 ஆண்டுக்கு முந்தைய பதிவுகளை மட்டும் திறந்தால் போதும். கைரேகைப் பதிவேடு தனிப் புத்தகம்; அதை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பத்திரம் சொத்துள்ளவரின் வரலாறு. செக்கு யாருடையது என்று அது சொல்லும். செக்கை ஓட்டியவர் யார் என்று சொல்லாது. வாடகைக்குக் கடை வைத்தவரும், வண்டிப்பேட்டையில் மூட்டை தூக்கியவரும், பட்டா இல்லாமல் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களும் அதில் இல்லை. எல்லையில் சாதிப் பெயர்கள் வரும். எந்தத் தெரு யாருக்கு மூடியிருந்தது என்பதும் சில சமயம் அந்தப் பெயர்களாலேயே தெரியவரும். இந்தக் குறை உண்மையானது; பத்திரத்தை மட்டும் வைத்து எழுதும் ஊர் வரலாறு பாதி வரலாறாகவே இருக்கும். ஆனால் அதற்கு மருந்து பத்திரத்தை ஒதுக்குவதில் இல்லை. உரிமப் பதிவேட்டில் வாடகைக் கடைக்காரரின் பெயர் உண்டு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்த கிராமங்களையும் கைத்தொழில்களையும் பற்றி வெளியிட்ட தனி நூல்களில் கைவினைஞரின் கருவியும் வருமானமும் உண்டு. வேலை செய்தவர்களில் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்கே, எந்த ஆண்டை ஒட்டி, என்ன கேட்பது என்று தெரிவதற்கே பத்திரம் தரும் சட்டகம் வேண்டும். நினைவும் காகிதமும் சந்திக்கும் இடத்தில்தான் இரண்டின் பிழைகளும் பிடிபடும்.

2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் வந்தது. அது முதன்மையாகப் பார்ப்பது காக்கத்தக்க கட்டடங்களையும் பகுதிகளையும். சாதாரண வீடுகள் இடிபடத்தான் செய்யும். எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வது நியாயமும் அல்ல. இடிப்பதற்கு அனுமதி கேட்கும்போது முன்பக்கத்தின் ஒரு புகைப்படத்தையும் தாய்ப்பத்திரத்தின் ஒரு நகலையும் நகராட்சி வாங்கிவைத்தால் செலவு எதுவும் இல்லை. வைத்திருப்புக் காலம் முடிந்த வரி, உரிமப் பதிவேடுகளைக் கழிப்பதற்கு முன் மாவட்ட நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948-இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. அதன்படி சொத்துவரியோடு சேர்த்து ஒவ்வொரு வீடும் நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் நடக்கும் நூலகத்தில், அந்த வீடுகள் நிற்கும் தெருக்களின் பழைய பதிவேடுகளுக்கு ஓர் அலமாரியும், அவற்றை நகலெடுக்க ஒரு ஸ்கேனரும், தேடி எடுத்துத் தரப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியரும் வேண்டும் என்று வரி கட்டுபவர்கள் இந்த ஆண்டு நகர்மன்றக் கூட்டத்திலேயே கேட்கலாம்.