பெயர்ப்பலகையில் ஒரு பாடம்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில், வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி மருத்துவ மாணவர்கள் சிலர் தொழில்முனைவு வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செயலி, முதலீடு என்று ஓடியது பேச்சு. தலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள், தம்பி என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து 12 படுக்கைகளோடு இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் நிலையத்துக்கே பெயரானது. அதற்கு முன்பே இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். அந்த நோயைத் தீர்க்க அன்று மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் முக்கிய வைத்தியம். அந்தக் காற்றுக்காகவே பட்டணத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்து இடம் பிடித்திருக்கிறார்! 1937இல் அந்த மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டது. பிற்பாடு எச்.ஐ.வி. என்றாலே ஊர் ஒதுங்கி நின்ற காலத்தில், அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டதும் இதே வளாகம்தான். தொழில்முனைவு வகுப்பில் வரவு செலவுக் கணக்கைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுது, அந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் அவர்களை உட்கார வையுங்கள். யார் எது இல்லாமல் தவிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும்.