ஹார்டா, ஹார்ட்லியா?

போன மாசம் நடந்த மாக் இன்டர்வியூவில் என் நண்பனிடம் ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டார்கள். நாலு மாசம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "ஐ ஹார்ட்லி வொர்க்ட் ஆன் திஸ் ப்ராஜெக்ட், சார்."

கேட்டவர் சிரித்துவிட்டார். 'ஹார்ட்லி' என்றால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று அர்த்தம். வேலையே செய்யவில்லை என்று இவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்!

தப்பு அவனோடது மட்டுமா? என்னைக் கேட்டால், நாம் வினையடை படித்த விதத்தில்தான் கோளாறு. 'வேகம்' என்பதோடு 'ஆக' சேர்த்தால் 'வேகமாக'. அதேபோல ஆங்கிலப் பெயரடையோடு 'லி' சேர்த்தால் வினையடை என்று ஒரே ஒரு சூத்திரத்தை மனப்பாடம் பண்ணினோம். ரெண்டு மார்க் வாங்கினோம். ஸ்லோ, ஸ்லோலி ஆகும், சரி. ஆனா 'ஃபாஸ்ட்லி' என்று யாரும் சொல்வதில்லை. "ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்", அவ்வளவுதான். 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் சமீப காலமாக. 'ஃப்ரெண்ட்லி'யோ 'லி'யில் முடிந்தும் பெயரடை.

இதைவிடப் பெரிய விஷயம், வினையடை உட்காரும் இடம். 'மட்டும்' என்பதைத் தமிழில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் முன்னால் வரும். "ஒன்லி ஐ டெஸ்டட் த கோட்" என்றால் நான் மட்டும்தான் டெஸ்ட் பண்ணேன், வேற யாரும் பண்ணல. "ஐ டெஸ்டட் ஒன்லி த கோட்" என்றால் கோடை மட்டும் பண்ணேன், மற்றதைத் தொடல. "ஐ ஒன்லி டெஸ்டட் த கோட்" என்று எழுதினால், டெஸ்ட் மட்டும்தான் நான், எழுதினது வேற ஆள் என்றும் படிக்கலாம். ரெஸ்யூமேயில் இந்த வித்தியாசம் சின்னதா? ப்ராக்கெட் இடம் மாறினால் அவுட்புட் மாறும் என்பது நமக்குத் தெரியாததா என்ன!

"ஐ யாம் ஃப்ரம் மதுரை ஒன்லி" என்று நாம் சொல்வதும் இதில் சேர்த்திதான். 'மதுரைதான்' என்பதில் இருக்கிற 'தான்' அங்கே 'ஒன்லி'யாக வந்து நிற்கிறது. நமக்குள்ளே பேசும்போது புரியும். வெளியாளுக்கு 'மதுரை மட்டும்' என்று கேட்டு, குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால், பட்டியலை மனப்பாடம் பண்ணுவதை விடுங்கள். ஒரு வினையடையைப் பார்த்தால் ரெண்டே கேள்வி கேளுங்கள்: இது எந்தச் சொல்லைத் தொடுகிறது? இடத்தை மாற்றினால் அர்த்தம் மாறுமா? தினமும் உங்கள் லேப் ரெக்கார்டிலேயே மூணு வாக்கியத்தை இப்படிச் சோதித்துப் பாருங்கள். போதும்.

இன்னொன்று. பக்கத்தில் இருக்கிறவன் தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். என் நண்பன் அன்றைக்குப் பிறகு ரெண்டு வாரம் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஒரு 'லி' அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.